மெய்ம்மை நிகழ்ச்சிகளில் மெய்ம்மை: ‘பிக் பாஸ்’ கருத்தாடலை முன்வைத்து

0. முன்னுரை

‘ரியாலிட்டி ஷோ’ என வழங்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பற்றி இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. எழுதி வைத்த உரையாடலோ ஒத்திகையோ இல்லை, நடப்பது அவ்வாறே காட்டப்படுகிறது என்பது தயாரிப்பாளர் கூற்று. அனைத்தும் முன்னரே திட்டமிடப்பட்டவை, பார்வையாளர் ஏமாற்றப்படுகின்றனர் என்பது மறுப்பாளர் கூற்று. எதிரெதிராகத் தோன்றினும் இவ்விரண்டும் ‘உண்மையா, பொய்யா’ என்னும் ஒரே வினாவையே எழுப்புகின்றன. அவ்வினாவுக்கு எவ்விடை தந்தாலும் மற்றொரு வினா எஞ்சி நிற்கிறது. காட்சிகள் தொகுக்கப்படுகின்றன என்பதை நன்கறிந்த பார்வையாளரும் ஏன் விரும்பிப் பார்க்கின்றனர்?

இக்கட்டுரை ‘பிக் பாஸ்’ நிகழ்ச்சியின் இந்திய வடிவங்களை, குறிப்பாக இந்தி வடிவத்தை, எடுத்துக்கொண்டு இவ்விரு வினாக்களையும் மொழியியல் நோக்கில் ஆராய்கிறது. இந்நிகழ்ச்சியில் பெரும்பகுதி பேச்சே. ஆகவே அதன் மெய்ம்மையை அளக்கும் கருவியும் பேச்சிலேயே கிடைத்தல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் அடிப்படை.

1. சொல்லும் பொருளும்

‘ரியாலிட்டி’ என்பதற்குத் தமிழில் உண்மை, மெய்ம்மை, நடப்பியல், எதார்த்தம் எனப் பல சொற்கள் வழங்குகின்றன. வாய்மை, உண்மை, மெய்ம்மை ஆகிய மூன்றையும் முறையே வாய், உள்ளம், உடல் ஆகியவற்றோடு பொருத்திக் காட்டுவது மேடைகளில் பெருவழக்கு. சொல்லமைப்பு நோக்கில் இதனை முழுமையாக ஏற்பதற்கில்லை. ‘உண்மை’ என்பது ‘உள்’ என்னும் இருத்தற் பொருள் தரும் அடியோடு ‘மை’ விகுதி சேர்ந்து அமைந்தது. அதன் நேர் எதிர்ச்சொல் ‘இன்மை’ என்பதே இதற்குச் சான்று. ஆகவே உண்மை என்பதன் முதற்பொருள் ‘உளதாம் தன்மை’ ஆகும்.

‘மெய்’ என்பது இதனின் வேறானது. அச்சொல் உடலையும் உணர்த்தும், பொய்யல்லாததையும் உணர்த்தும். உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதைத் தொல்காப்பியம் ‘மெய்ப்பாடு’ எனக் குறித்து, நகை முதல் உவகை ஈறாக எட்டாகப் பகுத்து, அதற்கென ஓர் இயலையே வகுத்துள்ளது. நடந்த நிகழ்ச்சி உளதா என்பது ஒரு வினா. பேசுவோர் உடலிலும் குரலிலும் புலப்படும் உணர்வு மெய்யானதா என்பது வேறொரு வினா. ஆங்கிலச் சொல் இவ்விரண்டையும் ஒன்றாக்கி மறைக்கிறது. தமிழில் இவற்றைப் பிரித்துப் பேச இயலும். பின்வரும் ஆய்வுக்கு இப்பிரிவு இன்றியமையாதது.

2. இவ்வகையின் வரலாறு

அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் 1973-இல் ஒளிபரப்பான ‘ஆன் அமெரிக்கன் ஃபேமிலி’ என்னும் தொடர் இவ்வகையின் முன்னோடி எனப்படுகிறது. ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்வு ஏறத்தாழ 300 மணி நேரம் படமாக்கப்பட்டு 12 பகுதிகளாகச் சுருக்கப்பட்டது. அக்குடும்பத்தின் மணமுறிவும் அதில் இடம்பெற்றது. தொகுப்பு தங்களைத் தவறாகக் காட்டிவிட்டது என்று குடும்பத்தினர் பின்னர் குறை கூறினர். முன்பின் அறியாதவர்களை ஒரே வீட்டில் தங்கவைக்கும் முறையை எம்டிவியின் ‘தி ரியல் வேர்ல்ட்’ 1992-இல் மேற்கொண்டது. புற உலகத் தொடர்பை அறவே துண்டித்து, வெளியேற்றத்தையும் வாக்களிப்பையும் சேர்த்து, நெதர்லாந்தில் 1999 செப்டம்பரில் ‘பிக் பிரதர்’ தொடங்கியது. எண்டமோல் நிறுவனம் உருவாக்கிய இவ்வடிவம் இந்தியில் 2006-இல் ‘பிக் பாஸ்’ எனத் தொடங்கி, 2013-இல் கன்னடம், வங்காளம், 2017-இல் தமிழ், தெலுங்கு, 2018-இல் மராத்தி, மலையாளம் எனப் பரவியது.

பெயர் மாற்றம் மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது. ‘பிக் பிரதர்’ என்பது ஜார்ஜ் ஆர்வெல் 1949-இல் வெளியிட்ட ‘1984’ நாவலில் வரும் ஒடுக்குமுறை அரசின் தலைமை உருவம். உறவுச்சொல் ஒன்று கண்காணிப்பின் பெயராவதில்தான் அங்கு எள்ளல் உள்ளது. இந்திய மொழிகளில் மூத்த உடன்பிறந்தானைக் குறிக்கும் சொற்கள் பாதுகாப்பும் உரிமையும் கலந்தவை. ஆர்வெல்லின் எள்ளல் அவற்றில் எளிதில் ஏறாது. ‘பாஸ்’ என்னும் சொல் உறவை நீக்கி, வேலை தருவோன் என்னும் பொருளைக் கொணர்ந்துள்ளது. இம்மாற்றம் எந்நோக்கில் செய்யப்பட்டிருப்பினும், நிகழ்ச்சியின் இயல்பை மூலப்பெயரினும் வெளிப்படையாகக் காட்டுகிறது. அதில் பங்கேற்போர் ஒருவகைப் பணியாளரே. ஃபிரான்சில் ‘டெம்ப்டேஷன் ஐலண்ட்’ நிகழ்ச்சியின் அந்நாட்டு வடிவத்தில் பங்கேற்றோர் தொழிலாளர் ஒப்பந்தத்திற்கு உரியோரே என அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தமை இங்கு நினைக்கத்தக்கது.

அவ்வாறே பிரித்தானிய வடிவத்தில் ‘நாட்குறிப்பு அறை’ எனப்பட்டது இந்திய வடிவங்களில் ‘கன்ஃபெஷன் ரூம்’ ஆயிற்று. நாட்குறிப்பு தனக்குத்தானே எழுதுவது. பாவ அறிக்கை தன்னினும் உயர்ந்த ஒருவரிடம் கூறுவது. பேச்சின் திசையையே ஒரு சொல் மாற்றிவிட்டது.

3. நோக்குநர் முரண்

மக்கள் உற்று நோக்கப்படாதபோது எவ்வாறு பேசுகின்றனர் என்பதை அறிய வேண்டும். ஆனால் உற்று நோக்கியே அதை அறிய முடியும். சமூக மொழியியலில் இதனை ‘நோக்குநர் முரண்’ என லபோவ் (1972) குறித்தார். பேச்சில் செலுத்தப்படும் கவனம் குறையும்போது இயல்பான வழக்கு வெளிப்படும் என்பது அவர் கொள்கை. உணர்ச்சி மிகும் நேரங்களிலும், குழுவினர் தமக்குள் உரையாடும்போதும் இக்கவனம் தளரும்.

நாள் முழுவதும் ஒருவரால் நடித்துக்கொண்டிருக்க இயலாது, சில நாட்களில் கேமராவை மறந்துவிடுவர் என்னும் தயாரிப்பாளர் வாதம் இக்கொள்கையோடு ஒப்புமையுடையது போல் தோன்றும். ஆனால் அடிப்படையில் வேறுபாடு உண்டு. கள ஆய்வில் பதிவுக்கருவி ஓர் இடையூறு. பேசுவோர் அதை மறப்பதே நன்று. இந்நிகழ்ச்சியிலோ கேமராவுக்கு அப்பாலுள்ளவரே வாக்களித்துக் காப்பவர். கேட்போரை விளிக்கப்படுவோர், உடனிருப்போர், செவியுறுவோர், ஒட்டுக்கேட்போர் எனப் பெல் (1984) நால்வகைப்படுத்தினார். வீட்டிலுள்ளோர் ஒருவரையொருவர் விளித்துப் பேசினும், பேச்சின் பயன் செவியுறுவோராகிய பார்வையாளரையே நோக்கியது. சமையலறையில் உப்புக் குறைந்தது பற்றிய பேச்சும் இரு முகங்கொண்டது.

இதற்கும் மேலாக, பேச்சின் மீது வெளிப்படையான விதிகள் உண்டு. ஒலிவாங்கியைக் கழற்றக்கூடாது. வெளியேற்றத்திற்கு யாரை முன்மொழிவது எனத் தமக்குள் கலந்து பேசக்கூடாது. இந்தி வடிவத்தில் ஆங்கிலத்தில் உரையாடுவோர் கண்டிக்கப்படுவர். இறுதி விதி மொழியியலார்க்கு முக்கியமானது. மும்பை போன்ற பெருநகரங்களில் திரைத்துறையினரின் இயல்பான பேச்சில் இந்தியும் ஆங்கிலமும் ஒரே தொடருக்குள் மாறிமாறி வரும். அவ்வியல்பான வழக்கே இங்கு விதிமீறலாகிறது. நடப்பியலைக் காட்டுவதாகக் கூறும் நிகழ்ச்சி, நடப்பிலுள்ள மொழிக்கலப்பைத் தடை செய்து, ஒளிபரப்புக்குரிய ஒரு மொழியைப் பேசச் செய்கிறது. இந்நிலையில் இப்பேச்சைத் தடையற்ற இயல்புப் பேச்சு எனக் கொள்ளுதல் பொருந்தாது.

4. விளிப்பும் மரியாதையும்

இவ்வாறெனின் அனைத்தும் நடிப்பு என முடிவு செய்யலாமா? அவ்வாறும் கூற இயலாது என்பதற்கு முன்னிலைப் பெயர்களே சான்று. இந்தியில் ‘ஆப்’, ‘தும்’, ‘தூ’ என மூன்று படிநிலைகள் உள்ளன. வினைமுற்றும் அவற்றுக்கேற்ப மாறும். முதல் நாளில் பெரும்பாலோர் ‘ஆப்’ என விளித்துக்கொள்வர். நெருக்கம் கூடக்கூட ‘தும்’ வரும். பின்னர் ‘தூ’ வரக்கூடும். அது உயிர்த்தோழமையாகவும் இருக்கலாம், இழிவுபடுத்தலாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்பதைக் குரலும் சூழலும் உறவின் முன்வரலாறும் முடிவு செய்யும்.

இந்நிகழ்ச்சியின் சண்டைகளில் மீண்டும் மீண்டும் காணப்படும் ஒரு திருப்பம் உண்டு. சண்டை பாத்திரம் கழுவுவதிலோ உணவுப் பங்கீட்டிலோ தொடங்கும். ஒருவர் ‘தூ’ என்றவுடன் எதிராளி முதற்பொருளை விட்டுவிட்டு, மரியாதையாகப் பேசு என்பார். அக்கணத்திலிருந்து சண்டை பாத்திரத்தைப் பற்றியதன்று, இலக்கணத்தைப் பற்றியது. தமிழ் வடிவத்தில் ‘வாங்க, போங்க’ என்பது ‘வா, போ’ என இறங்கும்போதும், ‘அண்ணா, அக்கா’ என்னும் உறவுச்சொற்கள் நின்று வெறும் பெயர் வரும்போதும் இதே நிலை தோன்றும்.

கருத்தை முன்கூட்டியே திட்டமிடலாம். அழுகையைக் கூட ஓரளவு வருவிக்கலாம். ஆனால் சினத்தின் விரைவில் வினைமுற்றின் விகுதியைத் தேர்வது பேசுவோர் கட்டுப்பாட்டில் பெரிதும் இல்லை. லபோவ் கூறிய கவனத் தளர்ச்சி இங்குச் செயற்படுகிறது. விளிப்பு மாற்றத்தையும் கருவியாகப் பயன்படுத்தத் தெரிந்தவர் உளர். ஆயினும் அவ்வாறு பயன்படுத்துவோர்க்கும், தன்னையறியாமல் வழுவியோர்க்கும் உள்ள வேறுபாட்டை அம்மொழி பேசுவோர் பெரும்பாலும் கண்டுகொள்வர். வழுவியவர் தன் சொல்லைத் தானே கேட்டுத் திடுக்கிட்டு ஒரு நொடி நிற்பார். அல்லது அடுத்த தொடரிலேயே பழைய விளிப்புக்கு மீள்வார். கருவியாகக் கொண்டவர் அதை இரண்டாம் முறையும் அழுத்திக் கூறுவார்.

மொழிபெயர்ப்பில் முதலில் இழக்கப்படுவதும் இதுவே. ஆங்கிலத் துணையுரையில் மூன்று முன்னிலைப் பெயர்களும் ஒரே சொல்லாகிவிடும். துணையுரை வழியாகப் பார்ப்பவருக்கு, எதுவுமே நடவாத இடத்தில் ஒருவர் திடீரெனக் கொதிப்பதாகத் தோன்றும்; அதனால் அச்சினம் நடிப்பு எனவும் தோன்றும். இந்தியிலிருந்து தமிழுக்குப் பெயர்ப்போர்க்கு ‘நீங்கள், நீ’ என்னும் இரு படிகளாவது உள்ளன. மூன்றாம் படியை ‘டா, டி’ போன்ற விளி இடைச்சொற்களால் ஓரளவு ஈடுசெய்யலாம். ஆனால் ‘டா’ என்பதும் நட்பு, இழிவு ஆகிய இரண்டுக்கும் உரியதாதலின் இடமறிந்து கையாளல் வேண்டும்.

5. ஒலிக்கும் குரல்

வீட்டிலுள்ளோர் பேச்சு வழக்கில் பேச, ‘பிக் பாஸ்’ என்னும் குரல் செம்மையான உயர் வழக்கில் பேசுகிறது. இந்தி வடிவத்தில் அக்குரல் மரபாக ‘நான்’ எனவோ ‘நாம்’ எனவோ பெரும்பாலும் கூறுவதில்லை. ‘பிக் பாஸ் சாஹ்தே ஹேன்’, அதாவது ‘பிக் பாஸ் விரும்புகிறார்’ எனத் தன்னைப் படர்க்கையில், உயர்வுப் பன்மையில் சுட்டிக்கொள்கிறது.

பேசுவோர் என்னும் ஒற்றைக் கருத்தைக் குரலெழுப்புவோர், சொற்களை அமைப்போர், பொறுப்புடையோர் என மூன்றாகப் பிரித்தார் கோஃப்மன் (1981). இக்குரலில் முதலாமவர் மட்டுமே செவிக்குப் புலனாகிறார். சொற்களை அமைப்போரும் பொறுப்புடையோரும் படர்க்கைப் பெயரின் பின்னே மறைந்துள்ளனர். ஆணைக்குக் காரணம் கேட்க எவருமில்லை. முன்னிலையில் இருப்பவரைத்தானே எதிர்த்துப் பேச இயலும்? அரசாணைகளும் நீதிமன்ற அழைப்புகளும் படர்க்கையில் எழுதப்படுவது போன்றதே இதுவும். வீட்டின் பேச்சு இயல்பானது எனத் தோன்றுவதற்கு இவ்வுயர் வழக்கும் ஒரு காரணம். செயற்கையான குரல் ஒன்று அருகில் ஒலிப்பதால் ஏனைய குரல்கள் ஒப்புநோக்கில் இயற்கையாகின்றன. இரட்டை வழக்கு இங்கு ஒரு கலை உத்தியாகவே பயன்படுகிறது.

6. தொகுப்பும் நாடக வழக்கும்

ஒரு நாளின் 24 மணி நேரம் ஏறத்தாழ ஒரு மணி நேரமாகச் சுருக்கப்படும்போது நிகழ்வது வெறும் குறைத்தலன்று. முன்னது பின்னதாகலாம். ஒருவர் சிரித்தது வேறொரு பேச்சுக்கான எதிர்வினையாகக் காட்டப்படலாம். வெவ்வேறு நேரங்களில் கூறிய சொற்களை ஒட்டி ஒரே தொடராக்கும் வழக்கமும் இத்துறையில் உண்டு. பேசுவோர் முகம் மறைந்து வேறொருவர் முகம் காட்டப்படும் இடத்தில் குரலின் ஏற்ற இறக்கம் இயல்புக்கு மாறாக முறியுமாயின், அங்கு ஒட்டு இருக்கலாம் எனப் பயின்ற செவி ஐயுறும். அமெரிக்காவில் ‘நெக்ஸ்ட் டாப் மாடல்’ நிகழ்ச்சியின் கதைப்பணியாளர்கள் தங்களை எழுத்தாளர் சங்கம் வழியாக ஏற்க வேண்டும் எனக் கோரி 2006-இல் வேலைநிறுத்தம் செய்தனர். உரையாடல் எழுதப்படாத நிகழ்ச்சியிலும் கதை எழுதப்படுகிறது என்பதற்கு அதுவே போதிய சான்று.

அகப்பாடலின் நெறி நாடக வழக்கும் உலகியல் வழக்கும் இயைந்தது என்பது தொல்காப்பியர் கருத்து. சுவையுடையவற்றை எல்லாம் ஒரே இடத்தில் நிகழ்ந்தன போலத் திரட்டி உரைப்பதே நாடக வழக்கு என இளம்பூரணர் விளக்குவார். தொகுப்பு மேசையில் நிகழ்வதை இதனினும் செவ்வனே விளக்குதல் அரிது. திரட்டப்படும் கூறுகள் உலகியலின; திரட்டும் முறை நாடகத்தினது. எனவே ‘இது நாடகம்’ என்பதும் ‘இது உலகியல்’ என்பதும் ஒருசேரப் பொருந்தும். ஆயின் அவை பொருந்துவது வெவ்வேறு தளங்களில்.

7. பார்வையாளர் பெறும் இன்பம்

அமெரிக்காவில் ரைஸ், வில்ட்ஸ் ஆகியோர் 2004-இல் வெளியிட்ட ஆய்வு, இந்நிகழ்ச்சிகளை விரும்புவோரிடம் தம்மை உயர்வாகக் கருதும் வேட்கை மிகுந்து காணப்பட்டதாகக் கூறியது. பிறர் தாழ்வு கண்டு மகிழ்தல் என்னும் பொதுக்கருத்துக்கு இது அணுக்கமானது. ஆனால் வினாநிரலில் பார்வையாளர் தம்மைப் பற்றிக் கூறுவது, ஒரு குறிப்பிட்ட காட்சியில் அவர் எதைக் கண்டு நிமிர்ந்து உட்காருகிறார் என்பதைக் காட்டாது. பிரித்தானியப் பார்வையாளரை ஆராய்ந்த அன்னெட் ஹில் (2005) வேறொரு விடை தருகிறார். பெரும்பாலும் நடிப்பே எனப் பார்வையாளர் அறிவர். அந்நடிப்பு தளர்ந்து உண்மை வெளிப்படும் கணத்தைத் தேடுவதே அவர்தம் ஈடுபாடு என்பது அவர் முடிவு.

மேலே கூறிய விளிப்புச் சான்றுகள் இம்முடிவுக்கு அரண் செய்கின்றன. யார் சொல்வது மெய், யார் எதை மறைக்கிறார் என்பதைச் சொல், குரல், முகம் ஆகியவற்றால் மதிப்பிடும் திறன் அன்றாட வாழ்வுக்குத் தேவையான திறன். வீட்டிலும் பணியிடத்திலும் இத்திறனைப் பயன்படுத்துவோர் தம் கணிப்பு சரியா என்பதைப் பெரும்பாலும் அறிய இயலாது. இந்நிகழ்ச்சியோ கணிப்பை உடனே சோதிக்க வாய்ப்பளிக்கிறது. ஒருவர் முற்றத்தில் ஒன்று கூறுவார். தனியறையில் வேறொன்று கூறுவார். இரண்டையும் அறிந்தவர் பார்வையாளர் மட்டுமே.

தமிழ் வடிவத்தின் முதற்பருவத்தில் (2017) இவ்வின்பம் ஒரு சொல்லாகவே உருப்பெற்றது. பங்கேற்பாளர் ஒருவர் தாம் அவ்வாறு கூறவில்லை என மறுத்தபோது, தொகுப்பாளராகிய கமல்ஹாசன் உரிய பதிவை ‘குறும்படம்’ எனக் கூறித் திரையிடச் செய்தார். அதுவரை கலைவடிவம் ஒன்றன் பெயராக இருந்த சொல், மறுக்கவியலாச் சான்று என்னும் புதுப்பொருளைப் பெற்றுப் பொதுப்பேச்சில் பரவியது. அச்சான்றும் தொகுக்கப்பட்டதே என்பதைச் சொல்லின் பழைய பொருள் இன்னும் உணர்த்திக்கொண்டிருப்பது சுவையான முரண்.

8. பெயர் சுட்டப்படுதல்

அரங்கில் நடிகர் கூறும் சொற்கள் பேச்சுச்செயல் என்னும் நிலையில் வெறுமையானவை என ஆஸ்டின் (1962) கருதினார். மேடையில் செய்யும் திருமணம் திருமணமாகாது. மெய்ம்மை நிகழ்ச்சியில் கூறும் வசைக்கு இது பொருந்துமா? 2007 சனவரியில் பிரித்தானியாவின் ‘செலிப்ரிட்டி பிக் பிரதர்’ இதற்கு விடையளித்தது. இந்திய நடிகை ஷில்பா ஷெட்டியின் ஒலிப்பு முறை எள்ளப்பட்டது. பப்படம் என்னும் உணவின் பெயரை அவர் பெயரோடு ஒட்டி ஜேட் கூடி பேசினார். ஆஃப்காம் என்னும் ஒழுங்குமுறை அமைப்புக்கு 40,000-க்கும் மேற்பட்ட முறையீடுகள் சென்றன. சேனல் 4 ஒளிபரப்பு நெறிகளை மீறியதென அவ்வமைப்பு அதே ஆண்டில் முடிவு செய்தது. ‘இது ஒரு விளையாட்டு’ என்னும் சட்டகம் அச்சொற்களை வெறுமையாக்கவில்லை. தொகுப்பு எவ்வளவு இருப்பினும் வசை வசையாகவே நின்றது.

இவ்விடத்தில் அகமரபு மற்றொன்றையும் கற்பிக்கிறது. அகப்பாடலில் இன்னார் எனப் பெயர் சுட்டுதல் கூடாது என்பது தொல்காப்பிய நெறி. நாடக வழக்கால் திரட்டப்பட்ட உணர்வு எந்த ஒரு தனி மனிதர் மேலும் சாராதபடி அந்நெறி காக்கிறது. தமிழ் வடிவத்தில் வீட்டைக் காணும் திரைக்கு ‘அகம் டிவி’ எனப் பெயரிடப்பட்டது. ஆனால் இந்த அகத்தில் ஒவ்வொருவர்க்கும் பெயர் உண்டு, முகம் உண்டு, நிகழ்ச்சி முடிந்தபின் வாழ வேண்டிய வாழ்வும் உண்டு. நாடக வழக்கால் உருவான பாத்திரத்தின் குற்றம், உலகியலில் வாழும் மனிதர் தலையில் விழுகிறது. இவ்வகை நிகழ்ச்சிகளின் மீது வைக்கத்தக்க கடுமையான குற்றச்சாட்டு அவை பொய் என்பதன்று; மெய்யான பெயரோடு நாடகம் செய்கின்றன என்பதே.

9. முடிவுரை

நிகழ்வுகளின் வரிசை, காரண காரியத் தொடர்பு, அளவு ஆகியவற்றில் இந்நிகழ்ச்சிகளை நம்புவதற்கில்லை. ஒரே தொடர்ச்சியான காட்சியில், பேசுவோர் முகம் தெரியக் கூறப்படும் சொல்லிலும் விகுதியிலும் குரலிலும் நம்பத்தக்க கூறுகள் உள்ளன.

ஆகவே மொழியியலார் இவற்றை விளிப்பு முறை, சொல்வழக்கு, வினைவடிவம் ஆகியவற்றுக்குத் தரவாகக் கொள்ளலாம். பேச்சு முறைமாற்றம், இடைமறித்தல், மௌனத்தின் நீளம் ஆகியவற்றுக்கு, வெட்டப்படாத பதிவு கிடைத்தாலன்றி, கொள்ளலாகாது. துணையுரை எழுதுவோர் செய்தியைப் பெயர்ப்பதோடு அமையாது, மரியாதைப் படிநிலை மாறும் இடத்தை எவ்வாறேனும் காட்டுதல் கடமை. அம்மாற்றத்தை மறைத்தால் பேசியவர் காரணமின்றிச் சினந்தவராகத் தோன்றுவார். தொகுப்பு செய்த தீங்கோடு மொழிபெயர்ப்பின் தீங்கும் அவர்மேல் சேரும்.

கலைச்சொல்லாக்கத்தைப் பொறுத்தவரை, ‘உண்மை நிகழ்ச்சி’ என்னும் பெயர்ப்பு உளதாம் தன்மையை உறுதியளிப்பதால் பொருந்தாது. ‘மெய்ம்மை நிகழ்ச்சி’ என்பது வழக்கிற்கு வந்துவிட்டதாதலின் கொள்ளலாம். ஆயினும் பார்வையாளர் இவற்றில் தேடுவது உடலிலும் குரலிலும் தன்னையறியாமல் வெளிப்படும் உணர்வையே ஆதலின், ‘மெய்ப்பாட்டு நிகழ்ச்சி’ என்பது இவ்வகையின் இயல்பை உள்ளவாறு உணர்த்தும்.